மருத்துவச்சி ஏறிய குதிரை

மருத்துவச்சி குருவம்மா ஐந்து நாளில் ஆறு முறை குதிரையிலிருந்து விழுந்துவிட்டாள். ஐம்பத்தைந்து வயதில் யாருக்கு வேண்டும் இந்த வம்பு? ஆனால் அவளுக்கு வேறு வழியில்லை. மலைப்பாதையை மழை அறுத்துக்கொண்டு போனதிலிருந்து மாட்டு வண்டி மேலே ஏறுவதில்லை. போன மாதம் மலையூருக்கு நடந்தே போய்ச் சேர்ந்தாள். அதற்குள் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

இப்போது அதே ஊரில் இன்னொருத்திக்கு நாள் நெருங்கிவிட்டது. ஊரார் சேர்ந்து ஒரு குதிரையையும், அவளுக்குச் சவாரி பழக்குவதற்கு மீரான் ராவுத்தரையும் கொண்டுவந்து விட்டார்கள். பாதையில் யார் தலை தெரிந்தாலும் தன்னைக் கூப்பிடத்தான் வருகிறார்களோ என்று குருவம்மா எழுந்து நின்று பார்ப்பாள்.

ராவுத்தருக்கு அவள் மகன் வயதுதான் இருக்கும். நிமிர்ந்து உட்காருங்கள், தொடையைத் தளர்த்துங்கள், கீழே பார்க்காதீர்கள் என்று தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தார். குதிரை நாலு எட்டு வைத்ததும் இவள் உயிரைக் கையில் பிடித்துக்கொள்வாள். முன்னால் குனிவாள், மூச்சை அடக்குவாள், முழங்காலால் அதன் விலாவை நெருக்குவாள். குதிரை மிரண்டு ஓடும். அப்புறம் என்ன, மண்ணைக் கவ்வுவாள்.

ஆறாவது முறை விழுந்தவள் எழுந்திருக்காமல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கே ஆள் வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன் தம்பி? எப்படி உக்காந்தா விழமாட்டேன்? அதை மட்டும் சொல்லுங்க."

ராவுத்தர் சேணத்தை அவிழ்த்தார். குதிரையின் வெறும் முதுகில் கை வைக்கச் சொன்னார். தோல் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. குருவம்மாவுக்குப் பாவமாகிவிட்டது. கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கி, குதிரை தலையைத் தாழ்த்திக்கொண்டது.

"வலியில அலறுற பொண்ணுக்கும் இப்படித்தான் கை வைப்பீங்களா ஆத்தா?"

"ஆமா. இடுப்புல."

"அப்ப உங்களுக்குப் பயம் இருக்காதா?"

"இல்லாம? குலை நடுங்கும். ஆனா கை வரைக்கும் அதை வரவிடமாட்டேன். என் கை நடுங்குச்சுன்னா அவ அவ்வளவுதான்."

ராவுத்தர் சேணத்தை மறுபடி இறுக்கிக் கட்டினார்.

"குதிரைக்கு உங்க தொடையும் முழங்காலும்தான் உங்க கை, ஆத்தா. அது வரைக்கும் பயத்தை வரவிடாதீங்க. ஏறுங்க."