தண்ணிப் பாம்பும் திறந்த மடையும்

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசை மொத்தமும் இங்கேயே உதிரட்டும்.

முன்னொரு காலத்தில் வல்லநேரி நாட்டை வேங்கைராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஒருநாள் காலையில் ஏரியில் குளித்தவனின் குதிகாலை ஒரு பாம்பு கவ்விவிட்டது. கழுத்தை அகட்டிச் சீறவும் செய்தது.

"நல்ல பாம்பேதான்," என்றார் அரண்மனை வைத்தியர் அனந்தநம்பி. "என் மந்திரம் எந்த விஷத்தையும் இறக்கும். ஆனால் அது குடியிருக்கும் ஏரி வற்றினால்தான் பலிக்கும்."

மடை காக்கும் சடையாண்டிக்கு ராஜா சபையில் பட்டுத்துண்டு போர்த்திய நாளிலிருந்தே வைத்தியருக்கு வயிற்றெரிச்சல்; ஏரி வற்றினால் மடைக்காரனுக்கு என்ன வேலை?

ராஜா சொல்லிவிட்டான்; சடையாண்டி மடையின் ஏழு கண்ணையும் திறந்தான். கோடைக்கு ஊருக்கு இருந்ததே அந்தத் தண்ணீர்தான். ராஜா வாயால் சொல்லாமல் மூடினால் தலை போய்விடும். அதனால் சடையாண்டி, ராஜாவைக் கடித்த பாம்பைத் தேடிப் பிடித்துப் பானையில் போட்டுக்கொண்டு சபைக்கு ஓடினான்.

அங்கே ராஜா சந்தனம் பூசி, சாகத் தயாராகப் படுத்திருந்தான்.

"மகாராஜா, இது தண்ணிப் பாம்புங்க. மேலெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு பாருங்க. கண்ணுக்குக் கீழே சாய்வா ரெண்டு கறுப்புக் கோடு. நல்ல பாம்பு வழவழன்னு இருக்கும், இது சொரசொரன்னு இருக்கு. பயந்தா கழுத்தைத் தட்டையாக்கி வேஷம் போடும். விஷம் கிடையாது. மடையை மூடச் சொல்லுங்க."

"மடை திறக்கிறவனுக்குப் பாம்பு சாஸ்திரமா?" என்றார் வைத்தியர்.

"அப்ப நல்ல பாம்புன்னே வச்சுக்குவோம் சாமி. கையை நீட்டுங்க, கடிக்கட்டும். மந்திரம்தான் இருக்கே, நீங்களே இறக்கிக்குங்க."

வைத்தியர் கையை மடியில் ஒளித்தார். "இன்றைக்கு அஷ்டமி."

சடையாண்டி தன் கையைப் பானைக்குள் விட்டான். ரத்தம் சொட்டியது. "மூடச் சொல்லுங்க மகாராஜா."

"சாயங்காலம் வரை நீ சாகாமலிரு, சொல்கிறேன்."

மூவரும் காத்திருந்தார்கள். வெளியே தண்ணீர் ஓடும் சத்தம் சபைவரை கேட்டது. பொழுது சாயச் சாய அந்தச் சத்தம் மெலிந்தது. சடையாண்டிக்கு, இதைக் கேட்பதைவிடச் செத்துத் தொலைந்தாலே தேவலை என்று இருந்தது.

கடைசியில் ராஜா எழுந்து உட்கார்ந்தான். "பசிக்கிறது."

வைத்தியரின் தலைப்பாகையைப் பறித்துச் சடையாண்டிக்குச் சூட்டினான். "கெட்டிக்காரன். போ, இப்போது மடையை மூடு."

சடையாண்டி தலைப்பாகையோடு போனான். சேற்றில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. ராஜா உத்தரவாயிற்றே என்று ஏழு கண்ணையும் ஒவ்வொன்றாக மூடினான். தடுத்து நிறுத்த ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கேட்டீர்களா? கேட்டதோடு இருங்கள். யார் சொன்னது என்று எவன் கேட்டாலும், என் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.