எதிரிக் கம்பெனி

"அம்மா, எதிரி விழுந்துட்டான். ஆனா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

ஏலகிரியில் யமுனாவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் குணபாலன் சொன்னது இதுதான்.

குணபாலன் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவர். யமுனா அவரைவிடச் சின்னவள்தான். வெளிநாட்டில் ஒரு சிப் ஆலையில் பல காலம் வேலை பார்த்துவிட்டு மலையேறி வந்தவள். அவள் பேச்சு சிக்கனம். அதற்காகவே அவளைக் குருவாக வரித்துக்கொண்டிருந்தார்.

"யார் சார் எதிரி?"

"தல்மா."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆள் இல்லம்மா, கம்பெனி. மெமரி சிப் செய்யறவங்க. இவர் ரிட்டயர்மென்ட் பணம் அத்தனையும் கோரின் கம்பெனி பங்குல இருக்கு. கோரினுக்குப் போட்டி இந்தத் தல்மா. வீட்ல அந்தப் பேரைச் சொன்னா இவருக்குச் சோறு இறங்காது."

"அவன் ஆலையில மின்சாரம் நின்னு, பாதியில இருந்த சிப் எல்லாம் குப்பையாப் போச்சாம்." குணபாலன் குரலில் தீபாவளி. "தல்மா சரியுது, கோரின் ஏறுது. இதுதான் சமயம். ஓசூர் மனையை வித்து, அதையும் கோரின்லயே போட்டுட்டா..."

"மனை என் பேர்ல இருக்கு" என்று பையிலிருந்து பத்திரத்தை எடுத்தாள் செண்பகவல்லி. "வாடகை வீட்ல இருக்கோம். மிச்சம் அது ஒண்ணுதான். ஆனா நீங்க சரின்னு சொன்னா கையெழுத்துப் போடறேம்மா."

யமுனா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"கோரின் முதலாளிக்கு உங்களைத் தெரியுமா, சார்?"

"அவருக்கு என்னை எப்படிம்மா..."

"சும்மா கேட்டேன். லேப்டாப் இருக்கா?"

இல்லாமல் இருக்குமா? கோயிலுக்குப் போனாலும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவர்.

யமுனா அதை அணைத்தாள். கவிழ்த்து வைத்தாள். திருகாணிகளைக் கழற்றி முதுகைத் திறந்தாள்.

உள்ளே, வேலையைப் பாதிப் பாதியாகச் சுமக்கிற இரண்டு மெமரி அட்டைகள் அருகருகே கிடந்தன. ஒவ்வொன்றிலும் செய்த கம்பெனியின் பெயர்.

குணபாலன் குனிந்து படித்தார். ஒன்று கோரின்.

இன்னொன்று தல்மா.

"அடப்பாவி! இவன் எப்படி உள்ளே வந்தான்?"

"கடையில கையில கிடைச்சதைப் போட்டிருப்பாங்க."

"இத்தனை நாள் இவனை மடியில வெச்சுக்கிட்டா இருந்தேன்?"

"வேண்டாம்னா எடுத்துடுங்க, சார்."

அவரே பிடுங்கினார். பல்லைப் பிடுங்குகிற மாதிரி. மூடித் திருகி, லேப்டாப்பை முடுக்கினார்.

திரை மெல்ல மெல்ல வெளிச்சமானது. பங்குச் சந்தைப் பக்கத்தைத் திறந்தார்.

வட்டம் சுற்றியது.

சுற்றியது.

கோரினின் விலைக்கோடு பாதி தூரம் ஏறி வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

தட்டிப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். யமுனா ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க" என்றாள் செண்பகவல்லி. "கையெழுத்துப் போடவா?"

குணபாலன் பொத்தியிருந்த கையைத் திறந்தார். உள்ளங்கையில் பிடுங்கிய தல்மா அட்டை. அதைச் சட்டை நுனியில் துடைத்தார்.

"பத்திரத்தைப் பையில வை, செண்பகம்."

பிறகு யமுனாவிடம் கையை நீட்டினார்.

"அந்த ஸ்க்ரூடிரைவரைக் கொஞ்சம் கொடுங்கம்மா."