இசக்கிராசாவின் இடது கக்கம்

வெயிலுகந்தான்பேட்டைக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

ஐப்பசி மாதம் அந்தப் பேரூராட்சிக்கு மாவட்டத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஊரின் வெப்பத்தைக் குறைக்கத் திட்டம் போட வேண்டும், குறைந்ததா என்று அளந்தும் காட்ட வேண்டும். தலைவர் ஆவுடைநாயகம் உடனே தொடக்க விழாவுக்கு நாள் குறித்தார். விழா என்றால் பந்தல் வேண்டும், பந்தலுக்கு இடம் வேண்டும். ஆபீஸ் முன்னால் நின்ற ஏழு வேப்பமரங்களையும் வெட்டி இடம் செய்தார்கள். விழா அமர்க்களமாக நடந்தது. சாயங்காலமே பந்தலையும் பிரித்துவிட்டார்கள்.

மறுநாள் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு தெர்மாமீட்டரும் ஒரு தாளும் இருந்தன. நாலாம் வார்டு கவுன்சிலர் உலகம்மாள் தாளை வாசித்தாள். கண்ணாடி போடாமல் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"கருவியை ஓர் ஆளின் மார்பளவு உயரத்தில் வைக்கவும். நிழலில் இருக்க வேண்டும். சுவரில் படக் கூடாது. மழையில் நனையக் கூடாது. தினமும் பகல் இரண்டு மணிக்கு அளவெடுக்கவும். ஆறு மாதத்துக்கு இடம் மாற்றக் கூடாது. ஒரு டிகிரியாவது குறைந்தால் கருவியைத் திருப்பி அனுப்பலாம். குறையாவிட்டால் இன்னும் ஆறு மாதம் தொடரவும்."

"ஆளுன்னா எந்த ஆளு?" என்று கேட்டார் ஏழாம் வார்டு பிரம்மநாயகம். ஆறடி உயரக்காரர். "எம் மார்பு ஒரு உயரம். தலைவர் அண்ணாச்சி மார்பு எனக்கு இடுப்பு உயரம்."

தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் குட்டையும் இல்லாத நெட்டையும் இல்லாத ஒருவனைக் கூப்பிட்டார்கள். அவன்தான் இசக்கிராசா, தண்ணீர்த் தொட்டி ஆப்பரேட்டர். முப்பத்தொரு வயது. பல இடம் பார்த்து, ஒருவழியாகக் கீழமங்கலத்து முப்பிடாதியை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் எதற்குக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே வருவான்.

"சரியா மார்பளவு உயரத்தில வைக்கணும்னா மார்புலதான வைக்கணும்?" என்றார் தலைவர். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

அடுத்து நிழல். ஊர் முழுக்கத் தேடினார்கள். மரம் இல்லை. கட்டடத்து நிழலில் சுவர் படுகிறது. உச்சி வெயிலில் அலைந்து எல்லோரும் சோர்ந்துபோன நேரத்தில் உலகம்மாளுக்குத்தான் மூளை வேலை செய்தது.

"ஏ தம்பி, இடது கையைத் தூக்கு," என்றாள். தூக்கினான். உள்ளே எட்டிப் பார்த்தாள். "இங்கன வந்து பாருங்க அண்ணாச்சி. மார்பளவு உயரம். நல்ல நிழல். சுவரு இல்ல. மழ பெஞ்சாலும் நனையாது."

கவுன்சிலர்கள் ஒவ்வொருவராக வரிசையில் வந்து இசக்கிராசாவின் கக்கத்தைப் பார்வையிட்டார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை.

தெர்மாமீட்டரை அங்கே செருகி, சட்டையில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டினார்கள். இரண்டு மணிக்கு உலகம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னாள்: "முப்பத்தேழு."

பதிவேட்டில் எழுதினார்கள். மறுநாளும் முப்பத்தேழு. அதற்கு மறுநாளும் அதேதான்.

மாவட்டத்திலிருந்து நூறு மரக்கன்று வந்தது. மரம் நட்டால் சுற்றிலும் குளுமை வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகவே இசக்கிராசாவைத் தொட்டியடியில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிலும் நூறு கன்றையும் நட்டார்கள். முப்பத்தேழு. ஒரு வாரத்தில் ஆடுகள் வந்து அத்தனையையும் மேய்ந்துவிட்டன. அப்போதும் முப்பத்தேழு.

"மேயுறதுக்கு முந்தியும் முப்பத்தேழு, மேஞ்ச பெறகும் முப்பத்தேழு," என்றார் பிரம்மநாயகம். "ஆட்டு மேல ஒரு குத்தமும் இல்ல."

ஆடுகள் நிரபராதி என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

கார்த்திகையில் நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினார். இசக்கிராசா வலது கையை மட்டும் நீட்டினான். இடது கை விலாவோடு ஒட்டியிருந்தது.

"ஒத்தக் கையில தட்டு வாங்குத மாப்பிள்ளைய நான் எங்கயும் பாத்ததில்ல!" என்று கத்தினார் அவர்.

"கோவப்படாதிய," என்றார் தலைவர். "அவன் கக்கத்துல எங்க ஊரு இருக்கு."

அப்போது உள்ளே இருந்து முப்பிடாதியின் குரல் கேட்டது. "ஊரு இருக்கட்டும். சித்திரை அஞ்சாந்தேதி முகூர்த்தம். தாலி கெட்டும்போது ரெண்டு கையும் வரணும். ஒத்தக் கையோட வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

இசக்கிராசாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. பங்குனிக் கடைசியில் ஆறு மாதம் முடிகிறது. அதற்குள் ஒரு டிகிரி குறையாவிட்டால் இன்னும் ஆறு மாதம். பாவம், தினமும் குளத்தில் கழுத்தளவு இறங்கி, இடது தோளை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, ஊர் ஆற வேண்டும் என்று கும்பிட்டான்.

மார்கழி வந்தது. அந்த வருஷம் நல்ல பனி. ஊரே போர்வைக்குள் கிடந்தது. பதிவேடு மட்டும் முப்பத்தேழு என்றது.

"நாம குளிருதுன்னு நினைக்கோம். உண்மையில ஊரு கொதிக்குது," என்று தலைவர் எச்சரித்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு மோர்ப்பந்தல் திறக்க உத்தரவு போட்டார். ஜனங்கள் பல் கிட்டிக்க வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு தம்ளர் குடித்தார்கள். ஊர் சீக்கிரம் ஆறட்டும் என்று இசக்கிராசா ஒன்பது தம்ளர் குடித்தான்.

மறுநாள் உலகம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "ஐயோ! முப்பத்தொம்பது!"

ஊரே கலங்கிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். தெருவெல்லாம் தண்ணீர் தெளித்தார்கள். சுகாதார நிலைய நர்ஸ் வந்து, தன் தெர்மாமீட்டரை இசக்கிராசாவின் வாயில் வைத்துப் பார்த்து, "நூத்தி ரெண்டு காய்ச்சல்" என்றாள்.

"அது அவன் காய்ச்சலும்மா," என்றார் பிரம்மநாயகம். "ஊரு கணக்கு முப்பத்தொம்பது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதிய."

நர்ஸ் மாத்திரை கொடுத்தாள். மூன்றாம் நாள் பழையபடி முப்பத்தேழு. தெருவில் தண்ணீர் தெளித்ததுதான் காரணம் என்று எழுதிவைத்தார்கள்.

பங்குனிக் கடைசி நாள் மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். ஆறு மாதமும் முப்பத்தேழு, நடுவில் இரண்டு நாள் தவிர. புருவம் உயர்ந்தது.

"கருவி எங்கே?"

இசக்கிராசா பெருமையாகக் கையைத் தூக்கினான்.

அந்த அம்மா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "இது ஊர் வெப்பம் இல்லைங்க. இவர் உடம்புச் சூடு," என்று மெதுவாகச் சொன்னார். தாமே தெர்மாமீட்டரை எடுத்துத் துடைத்தார். வாசலில் ஒரு கம்பு நட்டு, அதில் ஒரு குடையைக் கட்டி, அதன் நிழலில் தொங்கவிட்டார். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் நாற்பது.

"இதுதான் உண்மையான அளவு. முதலிலிருந்து தொடங்குங்க. இன்னும் ஆறு மாசம்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவர் முதுகு குலுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். ஊர் நிலைமையை நினைத்து அழுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இசக்கிராசாவும் அழுதான். இன்னும் ஆறு மாசம்! முகூர்த்தத்துக்கு ஐந்தே நாள். முப்பிடாதி எழுந்து போய்விடுவாள். அழுதாலும் கடமையை மறக்கவில்லை. இடம் மாற்றக் கூடாது என்று தாளில் இருக்கிறதே. தெர்மாமீட்டரைக் கழற்றிப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டான்.

பழக்கதோஷத்தில் உலகம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "முப்பத்தேழு," என்றாள்.

"இப்பத்தான நாப்பது இருந்துச்சு?" என்றார் தலைவர்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மறுபடி எடுத்துக் கம்பில் மாட்டினார்கள். நாற்பது. மறுபடி கக்கத்தில் வைத்தார்கள். முப்பத்தேழு. சந்தேகம் இருக்கக் கூடாது என்று பதினோரு தடவை செய்து பார்த்தார்கள்.

"ஒரு டிகிரி குறைக்கச் சொன்னாவ," என்றார் தலைவர். "நாம மூணு டிகிரி குறைச்சிருக்கோம்வே!"

பிரம்மநாயகம் இசக்கிராசாவைக் கட்டிக்கொண்டார். வேட்டு வெடித்தார்கள். குறைந்துவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று தாளில் தெளிவாக இருந்ததால், அன்றைக்கே தெர்மாமீட்டரைப் பெட்டியில் வைத்து மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இசக்கிராசா ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு கையையும் வீசித் தெருவில் நடந்தான். பார்க்கக் கண் நிறைந்திருந்தது.

சித்திரை ஐந்தாம் தேதி கல்யாணம். வெயில் மண்டையைப் பிளந்தது. இசக்கிராசா இரண்டு கையாலும் மூன்று முடிச்சுப் போட்டான். முப்பிடாதி தலைகுனிந்தபடியே இரண்டு கையும் வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள்.

மேளம் ஓய்வதற்குள் பிரம்மநாயகம் அளக்கிற டேப்போடு மணமேடையில் ஏறினார். பின்னால் தலைவரும் உலகம்மாளும்.

"மாப்பிள்ள, இடது கையக் கொஞ்சம் தூக்குங்க."

"எதுக்கு அண்ணாச்சி?"

"நேத்துக் கூட்டத்துல தீர்மானம் போட்டாச்சு. ஒரு சின்ன தெர்மாமீட்டர உள்ள வச்சதுக்கே மூணு டிகிரி ஆறிப்போச்சுல்லா? ஊரையே உள்ள வச்சா எம்புட்டு ஆறும்?"

இசக்கிராசா யோசித்துப் பார்த்தான். சரியாகத்தான் பட்டது. கையைத் தூக்கினான். பிரம்மநாயகம் குனிந்து, முன்னும் பின்னுமாக இரண்டு தடவை அளந்தார். முகம் வாடிப்போயிற்று.

"அரையடிதான் இருக்கு, அண்ணாச்சி. ஊரு மூணு கிலோமீட்டர்லா?"

தலைவர் நாடியைத் தடவியபடி வெகுநேரம் நின்றார். மணமக்களுக்கு முன்னால் அட்சதையோடு காத்திருந்த கூட்டமும் கவலையோடு நின்றது.

உலகம்மாள்தான் முன்னால் வந்தாள். "எல்லாத்தையும் ஒரேயடியா திணிச்சா எப்படி அண்ணாச்சி? எங்க நாலாம் வார்டு சின்னதுதான். மொதல்ல அத மட்டும் வச்சுப் பாப்பம்."