மதில் கொடியை அறுத்தவன்

கொண்டலூர் ராஜா சேவுகராயருக்கு முழங்கால் முடங்கிப்போய் மூன்று மாதம். அரண்மனை வைத்தியர் மருதப்பர் குடம் குடமாக எண்ணெய் தேய்த்தார். எண்ணெய்தான் தீர்ந்தது, வலி தீரவில்லை.

மடைப்பள்ளிச் சமையற்காரன் வைரவனுக்கு மனசு கேட்கவில்லை. கோட்டை மதிலில் தானாகப் படர்ந்து கிடந்த ஒரு கொடியை அறுத்து வந்தான். இலையை அரிசியோடு அரைத்து, தினமும் காலையில் காதும் காதும் வைத்தாற்போல் ராஜாவுக்குத் தோசை வார்த்துப் போட்டான். ஒன்பதாம் நாள் ராஜா கைத்தடி இல்லாமல் சபைக்கு நடந்தே வந்துவிட்டார்!

வைத்தியருக்கு வயிறு எரியாதா? தன் எண்ணெயை மிஞ்சிய மருந்து எது என்று தேடி, மதில் பக்கம் போய் மோப்பம் பிடித்து வந்தார்.

"மகாராஜா! மதிலை எதிரி கண்ணுக்கு மறைக்கிற கொடியைத் தொட்டால் கையை வெட்டுவது தங்கள் ஆணை. எவனோ அறுத்திருக்கிறான்!"

ராஜா சீறினார். "எவன் அவன்?"

வாசலோரம் நின்ற வைரவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். கை போனால் சமையற்காரனிடம் மிச்சம் என்ன இருக்கிறது? பக்கத்தில் நின்றவர் சோணாசலம்; அந்தச் சபையில் அவரை வாயால் வென்றவர் கிடையாது.

"சாமி, நான்தான் அறுத்தேன். ராஜா கால் வலிக்காகத்தான் தினமும் தோசை மாவிலே அரைச்சுப் போட்டேன். என் கையைக் காப்பாத்துங்க!" என்று அவர் காதில் கிசுகிசுத்தான்.

"வாயைத் திறக்காம நில்லு," என்று சொல்லிவிட்டு சோணாசலம் முன்னே போனார்.

"அறுத்தவனை எனக்குத் தெரியும், மகாராஜா."

"பெயர்?"

"முடக்கறுத்தான்."

"எதை அறுத்தான்?"

"தங்கள் முழங்கால் முடக்கை."

ராஜா விழித்தார். "இப்போது எங்கே அவன்?"

"காலையில்தான் தங்கள் வயிற்றுக்குள் போனான். தோசையோடு தோசையாக."

ராஜா மெல்லக் காலை மடக்கினார். மடங்கியது. நீட்டினார். நீண்டது.

"அடடே, அந்தப் பச்சைத் தோசையில் இருந்தது முடக்கறுத்தான் கொடியா!"

வைத்தியர் விடுவாரா? "வேடிக்கை இருக்கட்டும் மகாராஜா. அறுத்தவனுக்குத் தண்டனை உண்டா, இல்லையா?"

"உண்டு வைத்தியரே, சும்மா விடலாமா?" என்றார் சோணாசலம். "அந்த முடக்கறுத்தானைத் தினமும் ஆட்டுக்கல்லில் போட்டு அரைக்கணும். தோசைக்கல்லில் போட்டு இரண்டு பக்கமும் வாட்டணும். தண்டனையை நிறைவேற்ற நம் வைரவன் இருக்கிறான். ஆனால் ஒன்று, அந்த வேலைக்கு அவனுக்கு இரண்டு கையும் வேண்டும்!"

ராஜா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்தபடியே தம் பொற்காப்பைக் கழற்றி, வைரவன் கையில் மாட்டிவிட்டார்.