பின்பக்கம் வரும் காற்று

நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு பட்டறையில் சின்னப் பிள்ளைகளுக்கான மர எழுத்துகள் செய்தார்கள். பட்டறை ஜெசிந்தாவுடையது. முன்பு பாலிடெக்னிக்கில் தொழில் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் டீச்சர். வயது முப்பத்தாறு.

அவளிடம் மரவேலை கற்க வந்த தாணுமூர்த்திக்கு ஐம்பத்துமூன்று. இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து, விருப்ப ஓய்வு பெற்றவர். நாளைக்குப் பத்துக் கேள்வியாவது கேட்பார். அவற்றில் பாதிக்குத்தான் ஜெசிந்தா வாயால் பதில் சொல்வாள்.

அறுத்த எழுத்துகளை மெஷினில் தேய்த்து வழவழப்பாக்குவது சுயம்புகனியின் வேலை. ஒன்பது வருடமாக அந்த இருக்கையில்தான் இருக்கிறாள். இரண்டு மாதமாக அவளுக்கு இருமல் நிற்கவில்லை.

"ஒரு மாசம் தூசிப் பக்கமே போகக்கூடாது" என்றார் டாக்டர். "பிறகு மறுபடி டெஸ்ட் எடுப்போம். நுரையீரல் கெட்டிருக்கா இல்லையான்னு அப்பதான் சொல்ல முடியும்."

அவள் வீட்டுக்குப் போன அன்றே ஜெசிந்தா தேய்ப்பு வேலையை நிறுத்தினாள்.

"தூசி இழுக்க ஒரு வேக்குவம் பாத்து எடுத்துட்டு வாங்க, அண்ணாச்சி."

"எதைப் பாத்து எடுக்கணும், டீச்சர்?"

"உங்களுக்கு எது நல்லதாத் தோணுதோ, அதை."

தாணுமூர்த்தி டவுனுக்குப் போய் இரண்டு கடை ஏறி இறங்கினார். உள்ளதிலேயே பெரிய மெஷினை, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து முடிவு சொல்வதாகப் பேசி எடுத்து வந்தார். எவர்சில்வர் டிரம் வைத்தது. போட்டதும் பட்டறையே அதிர்ந்தது. மரச்சுருள், சில்லு, தரையில் கிடந்த ஆணி எல்லாம் கடகடவென்று உள்ளே போயின. கால் மணி நேரத்தில் தரை கழுவிவிட்டது போலக் கிடந்தது.

"பாத்தியளா டீச்சர், ஆணியைக்கூட இழுக்கு."

ஜெசிந்தா ஒரு கறுப்புத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மெஷினுக்குப் பின்னால் இரண்டு ஸ்டூலுக்கு நடுவே கட்டினாள். தேய்ப்பு மேசைக்கு அடியிலிருந்து மாவு போன்ற தூசியை ஒரு முறத்தில் அள்ளி வந்து தரையில் கொட்டினாள்.

"இதை இழுங்க."

ஒரு நிமிடத்தில் தரை காலியானது. அவள் மெஷினை நிறுத்தித் துணியை அவிழ்த்துக் காட்டினாள். காற்று பட்ட இடத்தில் அரிசிமாவு சலித்தது போல வெளுத்திருந்தது.

தாணுமூர்த்தி அதைத் தொட்டுப் பார்த்தார். "எல்லாம் உள்ளே போச்சே, டீச்சர்."

"போச்சு. பிறகு?"

அவர் மெஷினின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். "பின்னால வந்திருக்கு."

"சுயம்பு அக்காவுக்கு இருமல் வந்தது ஆணியால இல்ல, அண்ணாச்சி."

மறுநாள் டிரம் கடைக்குத் திரும்பிப் போனது. இந்தத் தடவை அவர் எவ்வளவு இழுக்கும் என்று கேட்கவில்லை. இழுத்த பொடித்தூசி எங்கே போகும் என்று கேட்டார். முதல் கடைக்காரருக்குத் தெரியவில்லை. இரண்டாவது கடையில் ஒரு சின்ன மெஷினைத் திறந்து காட்டினார்கள். உள்ளே ஒரு பை. பைக்குப் பின்னால் விசிறிபோல மடித்த பில்டர், கண்ணுக்குத் தெரியாத பொடியையும் பிடிப்பது. அதன் குழாயை, மரம் தேய்க்கும் மெஷினின் வாயிலேயே மாட்டிவிடலாம்.

பட்டறைக்கு வந்ததும் ஜெசிந்தாவும் அவரும் அதற்கும் நனைத்த கறுப்புத் துணி கட்டிப் பார்த்தார்கள். துணி கறுப்பாகவே இருந்தது.

"இனி இது உங்க பொறுப்பு" என்றாள் ஜெசிந்தா. "பை முக்கால்வாசி நிறைஞ்சதும் மாத்திருங்க. பில்டரை வெளியே கொண்டுபோய் மெதுவாத் தட்டினாப் போதும்."

"தினமும் எங்கே பாக்கணும்?"

"காத்து வெளியே வர்ற இடத்தில."

சுயம்புகனியின் இருக்கையில் தாணுமூர்த்தி உட்கார்ந்தார். மூன்று வாரம் வேலை ஒழுங்காக நடந்தது. பிறகு ஒருநாள் காலையில் மெஷினின் இழுவை குறைந்தது. பில்டரைத் தட்டிப் பார்த்தார். போதவில்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக்குகள் பில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்வது நினைவுக்கு வந்தது. பட்டறையில் இருந்த கம்ப்ரஸரின் காற்றுக் குழாயைக் கிட்டே பிடித்து ஊதினார். வெள்ளையாகப் புகை கிளம்பியது. மாட்டிப் போட்டால், புதிதில் இழுத்ததைவிட நன்றாக இழுத்தது. அன்றைக்கு முழுவதும் அவருக்குச் சந்தோஷம்.

அடுத்த நாள் காலையில் மெஷினின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் மாவு ஒட்டியது.

பில்டரைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு மடிப்பில் நகத்தின் நீளத்துக்குக் கிழிசல். அதன் வழியே வெளிச்சம் தெரிந்தது.

அன்றைக்குத்தான் சுயம்புகனிக்கு டெஸ்ட். எல்லாம் சரியாக இருந்தால் நாளை இந்த இருக்கைக்கு அவள் வருவாள்.

பக்கத்தில் யாரும் இல்லை. திருப்பி மாட்டிவிட்டால் கிழிசல் உள்ளே மறைந்துவிடும். தாணுமூர்த்தி பில்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் போனார்.

"டீச்சர், நான் பில்டரைக் கிழிச்சிட்டேன்."

"எப்படி?"

"கம்ப்ரஸர் வச்சு ஊதினேன்."

"எப்போ?"

"நேத்து காலைல. நேத்து முழுக்க இதோடதான் ஓட்டியிருக்கேன்."

ஜெசிந்தா அலமாரியிலிருந்து புதுப் பில்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் மாட்டினார். பிறகு இருவரும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஈரத்துணியால் மேசை, சுவர், அலமாரித் தட்டு என்று ஒவ்வொன்றாகத் துடைத்தார்கள். ஏழு தடவை வாளித் தண்ணீரை மாற்ற வேண்டியிருந்தது.

"இந்த மெஷினை வேற யார்கிட்டயாவது ஒப்படைச்சிருங்க, டீச்சர்" என்றார் தாணுமூர்த்தி. "எனக்கு இது சரிப்படாது."

அவள் துணியைப் பிழிந்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனாள்.

மதியம் இரண்டு மணிக்கு சுயம்புகனி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பட்டறைக்கு வந்தாள். கையில் எக்ஸ்ரே கவர். வாசலிலேயே நின்றாள். முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. இருவரும் துணியும் கையுமாக அவளைப் பார்த்து நின்றார்கள்.

"நுரையீரல்ல ஒண்ணும் இல்லியாம்" என்றாள். சொன்னதும் படியில் உட்கார்ந்து அழுதாள்.

தாணுமூர்த்தி துணியை வாளியில் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். ஜெசிந்தா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவள் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தாள். கவரைப் பிரித்துக் காகிதத்தை ஒரு தடவை வாசித்தாள். இன்னொரு தடவையும் வாசித்தாள்.

"மூச்சுக்குழாய்ப் புண்ணுதானாம். அதுவும் ஆறிட்டுதாம்" என்றாள் சுயம்புகனி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "தூசி இல்லாத இடம்னா வேலைக்குப் போலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டிலயே இருந்து ஆறு சீரியல் பாத்து முடிச்சாச்சு. நாளைக்கு வரட்டா, டீச்சர்?"

"அதை அண்ணாச்சிகிட்ட கேளுங்க, அக்கா. அந்த இடத்தில உக்காரலாமா கூடாதான்னு அவர்தான் சொல்லணும்."

தாணுமூர்த்தி திடுக்கிட்டுப் பார்த்தார். "என்கிட்டயா? பில்டரைக் கிழிச்சவன் நான்தானே, டீச்சர்."

"கிழிஞ்சிருக்குன்னு எனக்கு யார் சொன்னா, அண்ணாச்சி?"