அண்டாவுக்கு பில் உண்டா?

வெள்ளந்திக்குளத்துக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அவர்களிடம் உள்ள கோளாறே அதுதான். ஒருமுறை டாக்டர் வந்து தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போக, ஊரே நாக்கு வெந்து ஒரு வாரம் ஊமையாகக் கிடந்தது.

அந்த ஊரில் பூலிங்கத்தின் வீட்டு அண்டா திருடு போனது. அதுவும் அவன் தங்கை புஷ்பக்கனிக்குக் கல்யாணம் வைத்திருந்த வாரத்தில். அவன் அப்பா வாங்கிய பித்தளை அண்டா அது. ஆள் உள்ளே இறங்கித்தான் கழுவ வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை, வண்டி கேட்கவில்லை. சாப்பாட்டில் மட்டும் குறை வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முகூர்த்த மாதம் என்பதால் வாடகைக் கடைகளில் ஒரு அண்டாகூட மிச்சமில்லை. பூலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. தங்கச்சி முகத்தில் எப்படி முழிப்பது என்று கலங்கிப்போனான்.

பக்கத்து வீட்டு வைகுண்டம்தான் அண்டாவைக் கண்டுபிடித்தான். பழைய சாமான் விற்கிற ஆப் ஒன்றைச் செல்போனில் தடவிக்கொண்டிருந்தவன் கண்ணில் பட்டது. ‘பித்தளை அண்டா, நல்ல நிலை, உடனடி விற்பனைக்கு.’ படத்தில் அண்டாவின் கழுத்தில் பூலிங்கத்தின் அப்பா பெயர் பளிச்சென்று தெரிந்தது.

இருவரும் டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். அங்கே இருந்த ஏட்டு தமயந்தி நல்ல பொறுமைசாலி.

“உங்க அண்டான்னு காட்டிக்காதீங்க. வாங்க வந்த ஆள் மாதிரி பேசுங்க. கூட்டம் இருக்கிற இடமாப் பார்த்து வரச் சொல்லுங்க. பில் கேளுங்க, திருட்டுச் சாமானுக்கு பில் இருக்காது. பில் இல்லாம எதையும் கையில வாங்காதீங்க. மத்ததை நான் வந்து பார்த்துக்கிடுதேன்” என்றார்.

வாங்க வந்த ஆள் எப்படிப் பேசுவான் என்று ஊருக்கு வந்து யோசித்தார்கள். கல்யாணச் சமையல்காரர் சுடலைக்கண்ணு, வாங்குகிறவன் குறைதான் சொல்லுவான் என்று தீர்ப்புச் சொன்னார். உடனே பூலிங்கம் திருடனுக்குப் போன் போட்டு, அடி நசுங்கியிருக்கிறது, காது ஆடுகிறது, ஈயம் போய்விட்டது, இதில் வைத்தால் சாம்பார் கசக்கும் என்று மூச்சு விடாமல் குறை சொன்னான். போனை வைத்தபோது அவன் முகம் செத்துப்போயிருந்தது.

“இவ்வளவு மட்டமான அண்டாவா போயி வாங்கணும்? வேற பாப்பமாடே?”

வைகுண்டம் மோவாயைத் தடவினான். “நல்லது ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் இதை வச்சு ஓட்டுவோம்ணே.”

அடுத்தது கூட்டம் இருக்கிற இடம். பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்தால் கூட்டம் கலைந்துவிடும். சினிமாக் கொட்டகையில் இருட்டு. சாப்பிட்டு முடிக்கிற வரை கலையாத கூட்டம் கல்யாணக் கூட்டம்தான் என்று சுடலைக்கண்ணு சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கல்யாணம் டவுன் சமுதாயக் கூடத்தில். திருடனுக்கும் ஏட்டுக்கும் பத்திரிகையைப் படமெடுத்து அனுப்பினார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லித் திருடனைப் பூலிங்கம் போனிலும் அழைத்தான்.

முகூர்த்தத்தன்று காலையில் திருடன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மினி லாரியில் அண்டாவோடு வந்து இறங்கினான். பூலிங்கம் பில் கேட்டான். பழைய சாமானுக்கு ஏது பில் என்று திருடன் சிரித்தான்.

பில் இல்லையென்றால் கையில் வாங்கக் கூடாது. கூடத்தில் நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் இரண்டு தடவை சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அண்டா கண்ணெதிரே நிற்கிறது, தொட வழியில்லை. பூலிங்கத்துக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் அப்பாவின் பெட்டியில் அண்டா வாங்கிய பில் இருப்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. வைகுண்டம் பைக்கில் பறந்துபோய் எடுத்து வந்தான். பூலிங்கம் அதை இரண்டு கையாலும் திருடனிடம் நீட்டினான்.

“இந்தாங்க பில்லு. இப்ப முறையா எங்ககிட்ட குடுங்க.”

திருடன் தொழிலில் பழுத்தவன். ஆனாலும் இப்படி ஒரு வரவேற்பு அவனுக்கு எங்கும் கிடைத்ததில்லை. பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பில் தன்னிடம் இருப்பதால் அண்டாவும் தன்னுடையதுதானே என்று கேட்டான். பூலிங்கம், வைகுண்டம், சுடலைக்கண்ணு மூவரும் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்றார்கள். வேண்டுமானால் ஒருநாள் வாடகைக்குத் தருகிறேன் என்றான். பூலிங்கம் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அண்டா அடுப்பில் ஏறியது, பருப்பு கொதித்தது.

சாம்பாரை இறக்கி வைத்த நேரத்தில் ஏட்டு தமயந்தி ஜீப்பில் வந்தார். திருடன் எங்கே என்று கேட்டார்.

“திருடன் யாரும் வரலை மேடம். இவரு அண்டாவுக்குச் சொந்தக்காரரு. பில் வச்சிருக்காரு” என்றான் பூலிங்கம்.

ஏட்டு பில்லை வாங்கிப் படித்தார். பூலிங்கத்தைப் பார்த்தார். பிறகு திருடனின் சட்டையைப் பிடித்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று திருடன் தான்தான் எடுத்ததாக ஒப்புக்கொண்டான்.

“அப்படிச் சொல்லாதீங்க, உங்ககிட்டதான் பில் இருக்கே” என்று பூலிங்கம் அவனைத் தேற்றினான்.

“அண்டா கேஸுக்குச் சாட்சிப்பொருள். உடனே ஸ்டேஷனுக்குக் கொண்டு வாங்க. இருக்கிறது இருக்கிறபடியே வரணும், ஒரு சொட்டு மாற்றம் இருக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு ஏட்டு திருடனோடு ஜீப்பில் ஏறினார். அண்டாவுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

மூவரும் அண்டாவைச் சுற்றி நின்றார்கள். சாம்பாரை வேறு பாத்திரத்தில் ஊற்றினால் சட்டப்படி குற்றம். அண்டாவோடு அனுப்பினால் பந்திக்குச் சாம்பார் இல்லை. மாப்பிள்ளை தாலி கட்டி முடித்ததும் பூலிங்கம் முடிவெடுத்தான். சாம்பார் எங்கே போகிறதோ அங்கேதான் பந்தி.

மினி லாரியில் அண்டா முன்னால் போனது. பின்னால் மேளம், மாப்பிள்ளை, பொண்ணு, இலைக்கட்டு, சோற்றுக் கூடை, சொந்தபந்தம் எல்லாம் போயின. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இலை விரித்தார்கள். சாட்சிப்பொருள் குறையக் கூடாதே என்று வைகுண்டம் குடத்தோடு பக்கத்தில் நின்று, சுடலைக்கண்ணு ஒரு கரண்டி எடுக்க எடுக்க ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினான். வெளியே வந்த ஏட்டு தமயந்தி தலையில் கை வைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதல் பந்திக்குச் சாம்பார் மணத்தது. கடைசிப் பந்தியில் உட்கார்ந்த தாய்மாமன் உறிஞ்சிக் குடித்துவிட்டு, ரசம் அருமை என்றார். ரசம் யாரும் வைக்கவில்லை. புஷ்பக்கனி அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். பூலிங்கத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆனாலும் ஒரு கவலை. சுடலைக்கண்ணுவின் காதருகே குனிந்தான்.

“மாமா, மோருக்கு என்ன செய்ய?”

சுடலைக்கண்ணு அண்டாவுக்குள் நிதானமாகப் பார்த்தார்.

“இன்னும் ரெண்டு குடம் ஊத்துனா மோரும் வந்துரும் மாப்ளே.”