நேசையனின் முதுகு

"அம்மா, செத்துப்போனவனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லத் தெரியல எனக்கு. இத்தனை வருஷம் கூட இருந்திருக்கேன்."

வந்ததும் வராததுமாகக் குமாரதாஸ் இதைத்தான் சொன்னார்.

சாதாரண ஆளா அவர்? வெளிநாட்டு டீமில் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்டியவர். ரோடு ரேஸில் வாங்கிய கோப்பைகளை வைக்க வீட்டில் இடமில்லை. அப்பேர்ப்பட்டவர் முப்பந்தல் மடத்தில், தன்னைவிடப் பத்து வயது இளைய சாமியாரிச்சி இசக்கியம்மாள் முன்னால், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

மனக்குறை உள்ளவர்கள் அவளைத் தேடி வருவது வழக்கம். அவளோ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாரு செத்தது, அண்ணாச்சி?"

"நேசையன். எங்க டீம்ல எனக்கு முன்னால ஓட்டினவன்."

"முன்னால ஓட்டினா அவருதானே ஜெயிக்கணும்?"

"அப்படி இல்லம்மா. முன்னால போறவன் காத்தை நெஞ்சுல வாங்கிக்குவான். பின்னால ஒட்டிக்கிட்டு வாறவனுக்குப் பாதிப் பாடுதான். முடிவுக் கோடு நெருங்கும்போது அவன் விலகிருவான். நான் பாய்ஞ்சு போவேன். விலகுறதுக்குத்தான் அவனுக்குச் சம்பளம்."

"நல்ல வேலைதான்!"

குமாரதாஸ் அதைக் காதில் வாங்கவில்லை.

"அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவன் பெஞ்சாதி லில்லிபாய் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'அண்ணே, வருஷத்துல பாதி நாளு அவரு உங்ககூடத்தான் இருந்தாரு. அங்க எப்படி இருப்பாரு, சிரிப்பாரா, ஏதாவது சொல்லுங்க'ன்னு அழுதா. எனக்கு அவன் முதுகு தெரியும். கழுத்துல ஒரு மரு உண்டு. சட்டை எந்தப் பக்கம் முதல்ல நனையும்னு தெரியும். மூஞ்சியைப் பெட்டிக்குள்ள கெடக்கும்போதுதான் நின்னு நிதானமாப் பாத்தேன். பாவி நான், என்னத்தச் சொல்ல?"

"என்ன சொன்னீங்க?"

"நல்ல மனுஷன்னு சொன்னேன்."

"அது எல்லாப் பொணத்துக்கும் சொல்றதுதானே."

குமாரதாஸுக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய் இல்லையே.

"நாளைக்கு அவ வீட்டுல ஜெபம். மறுபடியும் கேப்பா. என்ன சொல்லணும்னு நீங்கதான் சொல்லணும்."

இசக்கியம்மாள் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு ஜங்ஷன்ல வெத்தலை வாங்கணும். சாமியாரிச்சிக்கு வெத்தலையான்னு பாக்காதீங்க. மடத்துல ரெண்டு சைக்கிள் கெடக்கு, எடுங்க."

"அம்மா, நான் கேட்டது..."

"காத்து ஆளைத் தூக்குது. நீங்க முன்னால போங்க. நான் ஒட்டிக்கிட்டு வாரேன்."

ஆடி மாசம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று லேசுப்பட்டதா? எதிரே மண்ணை வாரி அடித்தது. குமாரதாஸுக்குக் கொஞ்ச தூரத்திலேயே மூச்சு முட்டியது. அடேயப்பா, இதையா அவன் வருஷக்கணக்கில் தின்றான்?

ஆனாலும் அவர் விடவில்லை. மிதித்தார். திரும்பிப் பார்த்தார். இசக்கியம்மாள் பின்தங்கினால் வேகத்தைக் குறைத்தார். அவள் ஒட்டியதும் மறுபடி மிதித்தார்.

பெட்டிக்கடை முன்னால் இறங்கினார்கள். அவள் வெற்றிலை வாங்கிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"ரோட்டைப் பாக்காம என்ன அண்ணாச்சி, பத்தடிக்கு ஒருக்கா என்னையே திரும்பிப் பாத்தீங்க? லாரிக்காரன் ஏசிட்டுப் போறான்."

"பாக்காம எப்படிம்மா? கொஞ்சம் விட்டுப்போனாலும் காத்து உங்க மேல அடிச்சிரும். அப்புறம் ஒட்டவே முடியாது. தளந்துட்டீங்களா, இன்னும் தம் இருக்கான்னு மூஞ்சியிலதானே தெரியும்? முன்னால போறவன் பின்னால வாறவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டேதான் போகணும். அந்த வேலையே அதுதானே..."



இசக்கியம்மாள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிந்தாள்.

"அப்போ அவரும் திரும்பிப் பாத்திருப்பாரே?"

"பாத்தான். எப்பவும் பாத்தான்."

"நீங்க எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"



"அவன் பின்சக்கரத்தை. இடிச்சு நான் விழுந்திரக் கூடாதுன்னு."

கடைக்கு வந்தவர்கள் எல்லாம் பார்க்க, அந்தப் பெரிய மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் தேற்றவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"போங்க. இதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."